பாலிசி 3 லட்சம்... கைக்காசு 90 ஆயிரம்!

காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பத்து மணிக்கெல்லாம் நோயாளி சட்டை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஃப்ளாஸ்க்கும் போர்வையும் பைக்குள் போயிருக்கும். மருத்துவமனை வாசத்தில் அந்தக் குடும்பத்துக்கு மிக நீளமான நாள் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வார்டிலிருந்து ஃபைல் பார்மசிக்குப் போகும். பார்மசியிலிருந்து பில்லிங், பில்லிங்கிலிருந்து இன்சூரன்ஸ் டெஸ்க், அங்கிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்காக உரிமைகோரலைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ.

"அப்ரூவல் வந்துடுச்சா சிஸ்டர்?"

"இன்னும் வரலைங்க. குவெரி போட்டிருக்காங்க, டாக்டர்கிட்ட பதில் வாங்கி அனுப்பணும்."

மாலை ஐந்து மணிக்கு மகனையோ மருமகனையோ கவுண்டருக்குக் கூப்பிடுவார்கள். "அப்ரூவல் வந்துடுச்சு சார். உங்க சைடுல 90,000 கட்டணும்."

"3 லட்சத்துக்குப் பாலிசி இருக்கே... பில்லே அவ்வளவு வரலையே?"

"ஆமா சார். ஆனா உங்களுக்கு ரூம் ரென்ட் லிமிட் இருக்கு. நான்-பேயபிளும் இருக்கு."

வங்கி மூடிய நேரம். பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் வளையலோ சங்கிலியோதான் அந்த மாலைக் கணக்கைத் தீர்க்கிறது. வருடம் தவறாமல் பிரீமியம் கட்டிவந்த குடும்பம் இது. வயிற்றெரிச்சல் அங்கேதான்.

எதிர்பாராத மருத்துவச் செலவு என்றதும் காப்பீடு இல்லாதவர்களின் கதை என்றே நினைத்துக்கொள்கிறோம். காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு வரும் எதிர்பாராத செலவு வேறொரு கதை. அது விபத்தாக நேர்வதில்லை. பாலிசியின் பதினேழாம் பக்கத்திலோ இருபத்தி மூன்றாம் பக்கத்திலோ முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் மட்டும்தான் அதை எதிர்பார்க்கவில்லை.

1986-ல் பொதுத்துறை நிறுவனங்கள் 'மெடிக்ளெய்ம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தன. அட்மிட் ஆகி, சிகிச்சை முடிந்து, ரசீதுகளைக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது ஏற்பாடு. பிறகு மருத்துவமனைக்கே நேராகப் பணம் தரும் கேஷ்லெஸ் வந்தது, டி.பி.ஏ. வந்தது, மொபைல் ஆப் வந்தது. ஒப்பந்தத்தின் முதுகெலும்பு மட்டும் மாறவில்லை. அட்மிஷன்தான் தகுதி, படுக்கைதான் அளவுகோல். அதாவது, ஹெல்த் இன்சூரன்ஸ் என்ற பெயரில் நாம் வாங்கிக்கொண்டிருப்பது பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கைக்கான காப்பீடு. இதைப் புரிந்துகொண்டால் மற்ற குழப்பங்களில் பாதி விளங்கிவிடும்.

அந்த அறை தின்ற பணம்

தொண்ணூறாயிரம் எப்படி வந்தது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான், கணக்குப் போடும் முறை நிஜம்.

காப்பீட்டுத் தொகை 3 லட்சம். அறை வாடகை அதில் நாளொன்றுக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் வரை என்று பாலிசியில் ஒரு வரி. பழைய பாலிசிகளிலும் குறைந்த பிரீமிய பாலிசிகளிலும் இந்த வரி சர்வசாதாரணம். அட்மிஷனின்போது, "அப்பா கொஞ்சம் வசதியா இருக்கட்டுமே" என்று 6,000 ரூபாய் ஏ.சி. அறையை எடுக்கிறார்கள். ஐந்து நாள். மொத்த பில் 2,40,000. அதில் அறைக்கு 30,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்த்து 1,20,000. மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைகளுக்கு 75,000. கையுறை, முகக்கவசம் வகையறாவுக்கு 15,000.

நிறுவனம் எப்படிப் பார்க்கும்? தகுதி 3,000, எடுத்தது 6,000, ஆகவே பாதி. அறைக்கு 15,000 தரும். இதோடு விட்டால் பரவாயில்லை. சர்ஜன் ஃபீஸும் தியேட்டர் வாடகையும் அதே விகிதத்தில் பாதியாகும், 1,20,000-க்கு 60,000. மருந்தும் இம்ப்ளான்ட்டும் பரிசோதனையும் முழுசாக 75,000. கையுறைக்குப் பூஜ்யம். கூட்டினால் ஒன்றரை லட்சம். மீதி 90,000 உங்களுடையது.

அறைக்காகக் கூடுதலாகச் செலவானது 15,000 என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கிறது. நிஜத்தில் அந்த அறை தின்றது 75,000.

நிறுவனத்தின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் அறையின் தரத்தைப் பொறுத்து மற்ற கட்டணங்களும் ஏறும். அதே சர்ஜன், அதே தியேட்டர், அதே கத்தி. பொது வார்டு நோயாளிக்கு ஒரு ரேட், தனி அறை நோயாளிக்கு வேறு ரேட். வசதியான அறையை எடுத்தவரின் கூடுதல் பில்லை, சின்ன பிரீமியம் கட்டியவர்களின் பொதுப் பணத்திலிருந்து ஏன் தர வேண்டும் என்கிறது நிறுவனம். சரி. ஆனால் இந்தக் கணக்கை அட்மிஷன் கவுண்டரில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்ட எத்தனை நிமிஷம் ஆகும்? மருத்துவமனைக்குத் தெரியும், டி.பி.ஏ.வுக்குத் தெரியும், ஏஜென்ட்டுக்கும் தெரியும். பணம் கட்டப்போகிறவருக்கு மட்டும் ஐந்தாம் நாள் மாலைதான் தெரியவருகிறது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-ல் இந்த வெட்டுக்கு ஒரு கடிவாளம் போட்டது. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், இம்ப்ளான்ட், பரிசோதனைக் கட்டணங்களில் விகிதாசார வெட்டு கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது. அறைக்குத் தகுந்தபடி ரேட் மாற்றாத மருத்துவமனையாக இருந்தால் இந்த வெட்டையே போடக் கூடாது. கடைசி அப்ரூவல் கடிதத்தை வாங்கி, எந்தத் தலைப்பில் எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று வரி வரியாகப் பார்ப்பது இதற்காகத்தான். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

கையுறை விஷயம் தனிக்கூத்து. பாலிசியில் பணம் தராத, அதாவது 'நான்-பேயபிள்' பொருட்கள் என்று 68 இனங்களின் பட்டியல் ஒன்று உண்டு. டயபர், தெர்மாமீட்டர், மினரல் வாட்டர், டி.வி. கட்டணம், ஜெராக்ஸ் என்று போகும். இவற்றை ஒப்புக்கொள்ளலாம். அதே பட்டியலில் கையுறை, முகக்கவசம், ஆக்ஸிஜன் மாஸ்க், இ.சி.ஜி. எலெக்ட்ரோடு, நெபுலைசேஷன் கிட் ஆகியவையும் இருக்கின்றன. கையுறை போடாமல் எந்த டாக்டர் வயிற்றைக் கிழிப்பார் என்று கேட்கத் தோன்றும். கூடுதல் பிரீமியம் கட்டி ரைடர் எடுத்தால் அதே கையுறை காப்பீட்டுக்குள் வந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது மருத்துவக் காரணம் சார்ந்த பட்டியல் இல்லை என்பது விளங்கும்.

படுக்காமல் வரும் நோய்கள்

ஐம்பத்தைந்து வயதில் ஒருவருக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கிறது. மாதாமாதம் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை, வருடத்துக்கு ஒரு முறை கண், சிறுநீரகம், இதயம். சாகும்வரை ஓயாத செலவு. அவருடைய பாலிசி இதில் ஒரு ரூபாய்கூடத் தராது. அவர் அட்மிட் ஆகவில்லையே! மாத்திரைக்குக் காசில்லாமல் நடுவில் நிறுத்தி, அதனால் பக்கவாதம் வந்து, ஸ்ட்ரெச்சரில் வந்து படுத்தால் லட்சக்கணக்கில் தரும். வருமுன் காப்பதற்குப் பணமில்லை, வந்தபின் படுப்பதற்கு உண்டு என்கிற ஏற்பாடு, காப்பீட்டு நிறுவனத்துக்கே நஷ்டம் தரும் ஏற்பாடு. ஆனாலும் நாற்பது வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. ஓ.பி. செலவைத் தரும் பாலிசிகள் இப்போது சில வந்திருக்கின்றன. அதற்கான பிரீமியத்தையும் உச்சவரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் பணத்தை நமக்கே தவணையில் தருவது போலத்தான் இருக்கிறது.

பக்கவாதம் வந்தவர் வீடு திரும்பிய பிறகு நடப்பது இன்னொரு பட்ஜெட். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர வேண்டும். தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஹோம் நர்ஸ் ஏஜென்சிக்கு மாதச் சம்பளமும் சாப்பாடும். நீர்ப் படுக்கை, டயபர், டியூப் வழி உணவு. பெரும்பாலான பாலிசிகள் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் என்று ஒரு கோடு போட்டிருக்கும். மருந்தும் டெஸ்ட்டும் அந்தக் கோட்டுக்குள் வந்தால் உண்டு. ஆள் சம்பளம் எந்தக் கோட்டுக்குள்ளும் வராது. பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்ட மகளின் வருமான இழப்பை எந்தப் படிவத்தில் எழுதுவது?

தேசிய சுகாதாரக் கணக்கின்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கைப்பணத்திலிருந்து தருவது 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-ல் 39.4 சதவீதம். இறங்கியிருப்பது நல்ல செய்திதான். ஆனாலும் செலவாகும் 100 ரூபாயில் ஏறக்குறைய 40 ரூபாய் இன்னும் சட்டைப் பையிலிருந்துதான் போகிறது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. அது காப்பீட்டால் வந்ததில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2025 பிப்ரவரியில் 'முதல்வர் மருந்தகம்' ஆயிரம் கடைகளோடு திறக்கப்பட்டது. இதற்கெல்லாம் முன்பே, 1994-ல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போயின. பாலிசி தொடாத செலவை அரசு மருந்து கவுண்டர் தொடுகிறது. அந்த வரிசையில் நிற்க நடுத்தர வர்க்கத்துக்குக் கூச்சம் என்பது வேறு விஷயம்.

புதிய சிகிச்சைகளிலும் இதே படுக்கைச் சிக்கல்தான். சர்க்கரையால் பார்வை மங்குகிறவர்களுக்குக் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். சில நிமிஷ வேலை, ஊசி மருந்து விலையோ பல ஆயிரம். புற்றுநோய்க்கு வாயால் சாப்பிடும் கீமோ மாத்திரை, இம்யூனோதெரபி, ரோபோ அறுவை சிகிச்சை. இவற்றை உள்ளிட்ட 12 நவீன சிகிச்சைகளைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று ஆணையம் 2019-ல் சொல்லிவிட்டது. விலக்கக் கூடாது, ஆனால் உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். ஆகவே 10 லட்சம் பாலிசி வைத்திருப்பவருக்கு இம்யூனோதெரபிக்கு மட்டும் அதில் ஒரு பங்குதான் என்று பாலிசியில் இருக்கலாம். அந்தத் தொகையைத் தேடிப் படிக்காமல் '10 லட்சம்' என்ற எண்ணை நம்பிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

நள்ளிரவில் சொன்ன ஒரு பதில்

பில்லில் வெட்டுவது ஒரு வகை. ஒரேயடியாக 'இல்லை' என்று கைவிரிப்பது இன்னொரு வகை. அதன் விதை பெரும்பாலும் கேஷுவால்ட்டியில் விழுகிறது.

நெஞ்சுவலி என்று நடுராத்திரியில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். டியூட்டி டாக்டர் கேட்கிறார்: "சுகர் இருக்கா? எத்தனை வருஷமா?" பதற்றத்தில் மகன் சொல்கிறான், "இருக்கும் சார், ஒரு பத்து வருஷம்." உண்மையில் மாத்திரை ஆரம்பித்து நான்கு வருடம்தான் ஆகியிருக்கும். ஃபைலில் 'பத்து வருடமாக நீரிழிவு' என்று ஏறிவிடும். அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்கு. அங்கிருந்து நிராகரிப்புக் கடிதத்துக்கு: பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள்.

மறைத்ததும் பல நேரம் அவர் இல்லை. படிவத்தை நிரப்பியது ஏஜென்ட். "எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போட்டுட்டேன் சார், அப்பதான் சீக்கிரம் பாஸாகும்" என்று பெருமையாகச் சொல்லியிருப்பார். கமிஷன் அவருக்கு அன்றே வந்துவிட்டது. விளைவு உங்களுக்கு ஆறு வருடமோ மூன்று வருடமோ கழித்து.

ஆறா, மூன்றா என்பதில்தான் இப்போது விஷயம் இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் விதி மாறியிருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான், முன்பு 48. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், 'நீங்கள் சொல்லவில்லை' என்ற காரணத்தைக் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது; நிறுவனம் மோசடியை நிரூபித்தால் மட்டுமே முடியும். முன்பு இதற்கு எட்டு வருடம் காத்திருக்க வேண்டும். பழைய பாலிசியை அற்ப வித்தியாசத்துக்காக விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுப்பவர்கள் இந்த வருடக் கணக்கையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். நிறுவனம் மாறும்போது முறையாக போர்ட் செய்தால் கணக்கு கூடவே வரும்.

இதில் உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தந்த ஒரு தீர்ப்பு முக்கியமானது. 2009-ல் அமெரிக்கப் பயணத்துக்காக மருத்துவக் காப்பீடு எடுத்த ஒருவர், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் மாரடைப்பில் சிக்கினார். ஆஞ்சியோபிளாஸ்டி நடந்தது. அமெரிக்க மருத்துவமனை பில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சர்க்கரை இருப்பதை அவர் முன்பே சொல்லியிருந்தார். பாலிசி கொடுக்கும் முன் பரிசோதனையும் நடந்திருந்தது. ஆனாலும் கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று நிறுவனம் மறுத்தது. உடல்நிலையைச் சோதித்துப் பார்த்துப் பாலிசி கொடுத்துவிட்ட பிறகு, சொல்லப்பட்ட நோயையே காரணம் காட்டிப் பின்னால் கைவிரிக்க முடியாது என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. வருவதற்குப் பன்னிரண்டு வருடம் ஆனது.

ஆயிரம் ரூபாய் சம்பள உயர்வு

ஏழைகளுக்கு அரசுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சும்மா பேருக்கு இல்லை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் என்று வளர்ந்திருக்கிறது. ஆட்சி மாறினாலும் அட்டை மாறாமல் ஓடும் சில திட்டங்களில் இதுவும் ஒன்று.

சிக்கல் வாசற்படியில். வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 10,000. ஒரு கொத்தனாருக்கு மாதத்தில் பாதி நாள் வேலை கிடைத்தாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவார். நிஜமான வருமானத்தை எழுதினால் அட்டை கிடைக்காது என்பது வி.ஏ.ஓ. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். எழுதாமல் வாங்கியவர் பிழைத்தார். உண்மையை எழுதிய ஜவுளிக்கடை ஊழியர் வெளியே நிற்கிறார்.

அவருக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. இருக்கலாம். 1952-ல் தொடங்கிய திட்டம்; ஓ.பி.யும் உண்டு, மருந்தும் உண்டு, வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கும் உண்டு. என் பார்வையில் இந்தியாவில் நோய்க்கே காப்பீடு தரும் ஏற்பாடு இது ஒன்றுதான். மருத்துவமனைகளின் நிலையைப் பற்றி எவ்வளவு புலம்பினாலும், ஒப்பந்தமாகப் பார்த்தால் இதுதான் முழுமை. ஆனால் சம்பள வரம்பு 21,000. அதை வைத்தது 2017 ஜனவரியில். அதற்குப் பிறகு அரிசி விலை, வீட்டு வாடகை, சம்பளம் எல்லாம் ஏறிவிட்டன. 20,500 வாங்கியவருக்கு முதலாளி ஆயிரம் ரூபாய் கூட்டிப்போட்டால், அந்த ஆறு மாத சந்தாக் காலம் முடிந்ததும் குடும்பமே இ.எஸ்.ஐ.க்கு வெளியே. ஊதிய உயர்வு வேண்டாம் என்று சொல்லும் தொழிலாளி உண்டா என்று கேட்டால், உண்டு, காரணம் இதுதான்.

இப்படி இரண்டு பக்கமும் விடுபட்டவர்கள் நாட்டில் 40 கோடி பேராவது இருப்பார்கள் என்று 2021-ல் நிதி ஆயோக் ஓர் அறிக்கையில் சொன்னது. இவர்கள் தனியார் பாலிசிக்குத்தான் போக வேண்டும். அதன் பிரீமியமோ வயது ஏற ஏற ஏறுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது உண்மையான நிம்மதி. அறுபது தாண்டியவர்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் ஆணையத்தைக் கலந்து பேச வேண்டும் என்ற விதியும் அதே வருடம் ஜனவரியில் வந்தது. ஆனால் வருடம் 10 சதவீதம் என்று ஏற்றிக்கொண்டே போனால் ஏழெட்டு வருடத்தில் இரட்டிப்பாகும். ஓய்வூதியமே இல்லாத எழுபது வயதுக்காரர் அதை எதிலிருந்து கட்டுவார்?

ரேட்டை யார் கேட்பது?

2023-24-ல் மருத்துவக் காப்பீட்டில் மொத்தம் 1.17 லட்சம் கோடி ரூபாய்க்கு உரிமைகோரல்கள் இருந்தன என்கிறது ஆணையத்தின் ஆண்டறிக்கை. நிறுவனங்கள் தந்தது 83,493 கோடி. 71 சதவீதம் சொச்சம். எண்ணிக்கையில் பார்த்தால் 82 சதவீதம் பேருக்குப் பணம் கிடைத்திருக்கிறது. கேட்டவர்களில் பலருக்குக் கிடைத்தது, ஆனால் கேட்ட அளவு கிடைக்கவில்லை என்று இதைப் படிக்கலாம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது எண்ணிக்கைக் கணக்குதான்.

2024 மே மாதம் ஆணையம் இன்னும் சில விதிகளைக் கொண்டுவந்தது. கேஷ்லெஸ் அனுமதி ஒரு மணி நேரத்துக்குள். டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்துக்குள். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் அது நிறுவனத்தின் பொறுப்பு. மறுபரிசீலனைக் குழு பார்க்காமல் எந்த உரிமைகோரலையும் நிராகரிக்கக் கூடாது. விதி சரி. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை காத்திருப்பவர் கேட்டால், "நாங்க இப்பதான் சார் அனுப்பினோம்" என்று மருத்துவமனையும், "எங்களுக்கு இப்பதான் வந்தது" என்று டி.பி.ஏ.வும் சொல்லும். மூன்று மணி நேரம் எப்போது தொடங்கியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் நடுவில் சண்டையும் உண்டு. 2025-ல் மருத்துவமனைச் சங்கம் ஒன்று, ரேட்டை வருடக்கணக்கில் உயர்த்தவில்லை என்று சொல்லி, சில காப்பீட்டு நிறுவனங்களின் கேஷ்லெஸை நிறுத்தப்போவதாக அறிவித்தது. நிறுவனங்களோ, மருத்துவமனைகள் பில்லை ஊதிப் பெருக்குகின்றன என்கின்றன. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ரிசப்ஷனில் முதலில் வரும் கேள்வியே "இன்சூரன்ஸா, கேஷா?" என்பதுதானே! பதிலைப் பொறுத்து எஸ்டிமேட் மாறுவதைப் பார்க்காதவர் குறைவு.

காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்த ஹைதராபாத்தில் ஓர் ஆணையம் உட்கார்ந்திருக்கிறது. மருத்துவமனையின் ரேட்டைக் கேட்க நாட்டளவில் அப்படி யாரும் இல்லை. மருத்துவம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். மருத்துவமனைக்குள் இருக்கும் மருந்துக் கடையிலேயே வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதாக வந்த வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மாநில அரசுகள்தான் கொள்கை முடிவு எடுக்க வேண்டும் என்று சொல்லி முடித்துக்கொண்டது. மேற்கு வங்கம் 2017-ல் ஒரு சட்டம் போட்டு, நோயாளிகளின் பில் புகாரை விசாரிக்க ஓர் ஆணையத்தையும் அமைத்தது. கேரளத்தின் 2018 சட்டம், கட்டண விவரத்தை மக்கள் பார்க்கும்படி மலையாளத்திலும் எழுதிவைக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது 1997-ல். இந்த இரண்டு மாநிலங்களுக்கும் இருபது வருடம் முன்னால். அதற்கான விதிகள் வந்ததோ 2018-ல். அந்தச் சட்டம் பதிவையும் குறைந்தபட்ச வசதிகளையும் பார்க்கிறது. ரேட் பக்கம் திரும்புவதில்லை. பொது சுகாதாரத்தில் நாட்டுக்கே முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்துக்கு இது அழகில்லை. விலையை அரசு நிர்ணயிப்பது பெரிய விவாதம், நடக்கட்டும். அறைவாரியாக ஆபரேஷன் ரேட்டைத் தமிழில் எழுதி வாசலில் மாட்டச் சொல்வதற்கு என்ன விவாதம் வேண்டியிருக்கிறது?

அதுவரை, வெட்டுப்பட்ட பணத்தைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. அதிகம் பேர் போவதில்லை. முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை விசாரிக்கும் அதிகாரம் உண்டு. நிறுவனம் மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்; நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ அதே விஷயத்துக்கு வழக்கு இருக்கக் கூடாது. முழு நிராகரிப்புக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பில்லில் ஒரு பகுதியைக் குறைத்ததற்கும் போகலாம். பாலிசி நகல், அப்ரூவல் கடிதம், வகைவாரியான பில், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவை கையில் வேண்டும். சம்மரியில் நோயின் வருடக் கணக்கு தப்பாக ஏறியிருந்தால், பழைய மருந்துச் சீட்டைக் காட்டி அதே டாக்டரிடம் திருத்தக் கடிதம் வாங்கிச் சேர்க்கலாம். ஆம்புட்ஸ்மேன் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் பணம் தந்தாக வேண்டும். தீர்ப்பு உங்களுக்குத் திருப்தியில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அப்போதும் திறந்தே இருக்கும்.